ஜுவேரியா நின்ற வரிசை

மயிலாப்பூர்
20 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜுவேரியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று தொலைபேசியில் நீ சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. கோபத்தில் பேசினால் வாக்கியம் சரியாக வராது. அதனால் எழுதுகிறேன். காகிதத்தில் எழுதி, படம் எடுத்து, மின்னஞ்சலில் அனுப்புவேன். நீயும் தேதி போட்டு முழுக் கடிதமாகப் பதில் எழுது. இரண்டு சொல்லும் ஒரு மஞ்சள் முகமும் எனக்கு வேண்டாம்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். அமெரிக்காவில் சம்பளம் வாங்கும் எல்லோரும், படிக்கப் போன வெளிநாட்டு மாணவர்கள் உட்பட, ஏப்ரல் பதினைந்துக்குள் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்துவதற்காக உன் பல்கலைக்கழகம் உனக்குச் சம்பளம் தருகிறது. அதனால் நீயும் தாக்கல் செய்ய வேண்டும். அதற்காக ஒரு சனிக்கிழமை ஊர் நூலகத்துக்குப் போய், இலவசமாகப் படிவம் நிரப்பித் தருகிறவர்களிடம் வரிசையில் நிற்கப் போகிறாய்.

நீ ஒரு பல் மருத்துவர். பொதுச் சுகாதாரத்தில் மேல்படிப்பு படிக்கப் போயிருப்பவள். மெஹபூப் பாஷாவின் மருமகள். உன் மாமனார் கச்சேரி சாலையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தபோது, லென்ஸ் கொஞ்சம் பிசகி வந்துவிட்டால், வாடிக்கையாளர் கவனிக்காவிட்டாலும் தானே வீடு தேடிப் போய் மாற்றிக் கொடுத்தவர். எதையும் இனாமாக வாங்காதவர். அந்த வீட்டுப் பெண் தர்ம வரிசையில் நிற்பதா?

ரமலானில் நம் மாடிப்படியில் ஜகாத் வாங்க வருகிறவர்களை நீ பார்த்திருக்கிறாய். உன் கையாலேயே உறைகளைக் கொடுத்திருக்கிறாய். இல்லாதவர்களுக்கென்று ஒதுக்கியதை இருப்பவர் எடுத்துக்கொண்டால் அது திருட்டுக்குப் பக்கத்து வீடு. இதை நான் உனக்குச் சொல்ல வேண்டியிருப்பதே எனக்கு வருத்தம்.

தி. நகர் ஆடிட்டர் ஸ்ரீரங்கனிடம் பேசிவிட்டேன். கடை மூடும்வரை நம் கணக்கைப் பார்த்தவர். அமெரிக்காவில் இருக்கும் சாஃப்ட்வேர்காரர்கள் பலருக்கு அவர் அலுவலகத்தில்தான் அந்த ஊர் வரிக் கணக்கும் செய்கிறார்கள். கட்டணத்தைக் கட்டிவிட்டேன். என் பள்ளித் தோழி ஜெயலக்ஷ்மியின் தம்பி மகன் நிரஞ்சனும் உன் மாநிலத்தில்தானே படிக்கிறான்? அவனுக்கும் இவரிடமே கொடுக்கும்படி அவளிடம் சொல்லியிருக்கிறேன். வேண்டிய காகிதங்களை உன் கணவன் வாஜித்துக்கு அனுப்பு.

கடைத்தெருவில் எல்லோரும் உன்னைப் பற்றிக் கேட்கிறார்கள். நானும் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன் மாமி,
அஃப்சருன்னிசா


ஓஹியோ
24 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய மாமிக்கு,

வ அலைக்கும் ஸலாம். தேதி போட்டுவிட்டேன். மஞ்சள் முகம் போடவில்லை.

நீங்கள் புரிந்துகொண்டது எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. அது தர்மம் இல்லை மாமி. இங்கே வருமானம் ஓர் அளவுக்குக் கீழே உள்ள யாருக்கும், வயதானவர்களுக்கும், எங்களைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களுக்கும் படிவம் நிரப்பிக் கொடுப்பதற்கென்றே தொண்டர்கள் இருக்கிறார்கள். வரித்துறையே அவர்களுக்குப் பயிற்சி கொடுத்துத் தேர்வும் வைக்கிறது. நூலகத்தில் எங்களுக்கென்று தனி மேசை போட்டிருக்கிறார்கள், ஏனென்றால் எங்கள் படிவமே வேறு. ஊர்க்காரர்கள் வீட்டிலிருந்தே செய்யும் சாதாரண மென்பொருள் எங்களுக்கு ஆகாதாம். நான் யாருடைய பங்கையும் எடுக்கவில்லை. நான் போகாவிட்டால் அந்த நாற்காலி சும்மாதான் இருக்கும்.

இதையெல்லாம் சொல்லலாம் என்றுதான் அன்றைக்கு அழைத்தேன். "இலவசம்" என்ற சொல்லுக்குப் பிறகு நீங்கள் எதையும் கேட்கவில்லை.

ஆனால் கட்டணம் கட்டிவிட்டீர்கள். நேற்று வாஜித் வேளச்சேரியிலிருந்து அழைத்து, "அம்மி சொன்னா சொன்னதுதான், உனக்குத் தெரியாதா? கொடுத்துத் தொலை, எனக்கு இந்த ரமலான் நிம்மதியா போகட்டும்" என்றார். காகிதங்களை அனுப்பிவிட்டேன். படிப்புச் சுமையும் அதிகம். ஒரு வேலை குறைந்தது என்று நினைத்துக்கொள்கிறேன்.

நாகப்பட்டினத்தில் என் அம்மா உங்களை விசாரித்தார். நோன்பு நாட்களில் வெயிலில் அலையாதீர்கள்.

ஜுவேரியா


மயிலாப்பூர்
20 மார்ச் 2025

அன்புள்ள ஜுவேரியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே இரண்டாம் தேதி நோன்பு தொடங்கியது. நீ வெயிலில் அலையாதே என்று எழுதியதைப் படித்துவிட்டுத்தான் தி. நகர் போனேன்.

வேலை முடிந்துவிட்டது. ஸ்ரீரங்கன் உன் கணக்கை மாத ஆரம்பத்திலேயே தாக்கல் செய்துவிட்டார். நீயும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாயாமே. சம்பளத்தில் பிடித்த வரி முழுவதும், அதற்கு மேலும் கொஞ்சம், உன் வங்கிக்கு வந்துவிட்டது என்று வாஜித் சொன்னான். பார்த்தாயா? காசு கொடுத்துச் செய்கிற வேலைக்கு உள்ள நேர்த்தி இது. ஜெயலக்ஷ்மிக்கும் உடனே தொலைபேசியில் சொன்னேன். நிரஞ்சனுக்கும் இப்படியே வந்துவிட்டதாம். நாற்பது வருடம் கல்லூரி நடத்தியவள், என்னை ஒரு முறைகூடப் பாராட்டாதவள், "நல்ல ஆளைச் சொன்னே அஃப்சர்" என்றாள்.

ஸ்ரீரங்கனுக்கு நன்றி சொல்லப் போன அன்று பஸ்ஸில் ஒரு வேடிக்கை. லஸ்ஸில் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத வண்டி. எனக்கு அது தெரியும். இருந்தாலும் சில்லறையை நீட்டினேன். என் வழக்கம் அது.

"இன்னாம்மா, லேடீஸுக்கு ஃப்ரீ. துட்டு வாணாம்."

"நான் கேட்டேனா ஃப்ரீன்னு? டிக்கெட் கொடுப்பா."

"துட்டு குடுத்துதான் போவேன்னா டீலக்ஸ் வண்டி பின்னாடி வந்துகினு கீது, அதுல ஏறு. என்னைய ஏன்மா வம்புல மாட்டி வுடுறே?"

எனக்குப் பக்கத்தில் காலிக் கூடையோடு ஒரு பெண். நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கிறவளாம், பேர் ஜானு. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏம்மா, நான் தெனம் துட்டு குடுக்காமதான் போய்க்கினு வந்துகினு கீறேன். அப்ப நான் இன்னா, பிச்சையா எடுக்குறேன்?"

"உன்னைச் சொல்லலைம்மா. என்னால கொடுக்க முடியும், கொடுக்கறேன்."

"முடிஞ்சவங்க குடுக்கணும்னா போர்டு மாட்டியிருக்கான்? லேடீஸுன்னுதான் போட்டுக்கீறான். நீ லேடீஸ் இல்லியா?"

வண்டியே சிரித்தது. கண்டக்டர் காசில்லாத சீட்டைக் கிழித்து என் கைப்பையில் செருகிவிட்டுப் போனார். அவளுக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று பனகல் பார்க் வரை யோசித்தேன். அதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. ஆனால் பஸ் வேறு, வருமான வரி வேறு.

இஃப்தாருக்கு என்ன செய்கிறாய்? பேரீச்சம்பழம் அங்கே நல்லதாகக் கிடைக்கிறதா?

உன் மாமி,
அஃப்சருன்னிசா


ஓஹியோ
23 மார்ச் 2025

மாமிக்கு,

இந்தக் கடிதத்தில் மரியாதை குறைந்திருந்தால், குறைந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் திருப்பிப் படித்துச் சரிசெய்யப் போவதில்லை.

என் அறைத்தோழி புஷ்ரா ஹைதராபாத்காரி. நேற்று நூலகத்தில் அவளுடைய முறை. துணைக்குப் போனேன். மாணவர் மேசையில் டாரத்தி என்று ஓர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. புஷ்ராவின் படிவத்தை அவர் நிரப்பியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அது நான் கையெழுத்துப் போட்ட படிவம் இல்லை. என் கைப்பேசியில் இருந்த நகலைக் காட்டினேன். டாரத்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டாவது முறை பார்த்தார். பிறகு அவர் விளக்கியது இது.

படிக்க வந்தவர்கள் முதல் ஐந்து வருடம் இந்த நாட்டில் குடியிருப்பவர்கள் அல்ல என்பது வரிச் சட்டத்தின் கணக்கு. எங்களுக்குத் தனிப் படிவம். உங்கள் ஆடிட்டர் என்னைக் குடியிருப்பவள் என்று போட்டு, குடியிருப்பவர்களுக்கு மட்டும் உரிய கல்விக் கட்டணச் சலுகையையும் கேட்டு வாங்கியிருக்கிறார். "அதற்கு மேலும் கொஞ்சம்" என்று நீங்கள் பெருமையாக எழுதினீர்களே, அந்தக் கொஞ்சம் என்னுடையது இல்லை. இருப்பவர் எடுக்கக் கூடாது என்று யார் எனக்குச் சொன்னார்களோ அவர்கள் அனுப்பிய ஆள் எனக்கு எடுத்துக் கொடுத்தது அது.

கீழே என் கையெழுத்து இருக்கிறது. இதில் உள்ளது எல்லாம் உண்மை என்று உறுதி சொல்லி நான் போட்ட கையெழுத்து. நான் அதைப் படிக்கவில்லை. நோயாளியின் வாயைத் திறந்து பார்க்காமல் பல்லைப் பிடுங்கும் ரகம் இல்லை நான், உங்களுக்குத் தெரியும். இதை மட்டும் படிக்கவில்லை. ஏனென்றால் நீங்கள் சொல்லிவிட்டீர்கள், கட்டணம் கட்டிவிட்டீர்கள், வாஜித்துக்கு நிம்மதி வேண்டியிருந்தது.

நாளை நான் வேலைக்கு அனுமதி கேட்கும்போதோ விசாவைப் புதுப்பிக்கும்போதோ யாராவது இதை எடுத்துப் பார்த்தால், பொய் சொன்னவள் நான்தான். ஸ்ரீரங்கன் இல்லை, நீங்களும் இல்லை. ஏப்ரல் பதினைந்துக்கு முன்னால் திருத்தப் படிவம் அனுப்பி, கூடுதலாக வந்ததைத் திருப்பிக் கட்டிவிட்டால் அபராதம் இல்லாமல் சரிசெய்யலாம் என்கிறார் டாரத்தி. அதை அவரிடம்தான் செய்துகொள்ளப் போகிறேன். இலவசமாக. வரிசையில் நின்று.

அதுவரை இதைப் பற்றி யாரிடமும் பேசாதீர்கள். எனக்காக யாரிடமும் எதற்கும் பணம் கட்டாதீர்கள்.

ஜுவேரியா


மயிலாப்பூர்
26 மார்ச் 2025

ஜுவேரியாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பேசாதே என்று எழுதியிருக்கிறாய். பேசிவிட்டேன்.

ஸ்ரீரங்கனின் அலுவலகத்துக்குப் போனேன். முன்கூட்டிச் சொல்லாமல் போனதால் எழுந்து நின்றார்.

"மேடம், நோன்பும் அதுவுமா வெயில்ல எதுக்கு வந்தேள்? ஒரு ஃபோன் பண்ணா போறாதா?"

நீ எழுதியதை அப்படியே சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பதறவில்லை. அவர் பதறியிருந்தால் ஒருவேளை நான் அவர் பக்கம் பேசியிருப்பேன்.

"பணம் வந்துடுத்தோன்னோ? அப்பறம் என்ன? எல்லாப் பசங்களுக்கும் இப்படித்தான் போட்டுண்டு வரோம். இதுவரைக்கும் யாரும் திருப்பிக் கேட்டதில்லை. அங்க யாரு இதெல்லாம் உக்காந்து பாக்கப் போறா?"

"கேக்கலைன்னா அது நம்மளதா ஆயிடுமா, ஸ்ரீரங்கன்?"

"அப்படி இல்லை மேடம். அந்த லைப்ரரிக்காரா ஓசில பண்றவா. அவாளுக்கு என்ன தெரியும்?"

ஒரு மாதத்துக்கு முன்னால் இதே வாக்கியத்தை நானும் சொல்லியிருப்பேன். அவர் வாயிலிருந்து கேட்டபோது அது எவ்வளவு மட்டமாக இருக்கிறது என்று தெரிந்தது. "யாரு பாக்கப் போறா" என்று என் முன்னால் சொன்ன முதல் ஆள் இவர். உன் மாமனார் இருந்திருந்தால் அந்த அறையில் ஒரு நிமிடம் உட்கார்ந்திருக்க மாட்டார். நானும் எழுந்துவிட்டேன். கட்டணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். செய்த வேலைக்குக் கொடுத்தது. வேலை தப்பு என்பது வேறு விஷயம்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். நீ அந்த நூலகத்துக்குப் போக வேண்டும். டாரத்தியிடம் உட்கார்ந்து திருத்தப் படிவம் போட வேண்டும். ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். கூடுதலாக வந்ததை உடனே திருப்பிக் கட்ட வேண்டும். இது என் உத்தரவு.

அஃப்சருன்னிசா


ஓஹியோ
1 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமிக்கு,

ஈத் முபாரக். உங்கள் உத்தரவு வந்து சேர்ந்தபோது நான் ஏற்கெனவே வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். இருந்தாலும் உத்தரவு உத்தரவுதான். முன்தேதியிட்டு நிறைவேற்றிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் "மன்னித்துக்கொள்" என்ற சொல் எங்கே என்று வாஜித் கேட்டார். "மூன்று தடவை படித்தேன்" என்ற இடத்தில் இருக்கிறது என்றேன். அவருக்குப் புரியவில்லை. உங்கள் மகன்தான், ஆனால் உங்களைப் படிக்கத் தெரியாதவர்.

வரிசை எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். நூலகத்தின் குழந்தைகள் பகுதிக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலிகள். எனக்கு முன்னால் ஒரு லாரி ஓட்டுநர், ஒரு கர்ப்பிணிப் பெண், நேபாளத்திலிருந்து வந்த இரண்டு மாணவர்கள். யாரும் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கவில்லை. ரேஷன் கடையைவிடச் சத்தம் குறைவு, வங்கியைவிட மரியாதை அதிகம். டாரத்தி ஒவ்வொரு வரியாக வாசித்து, "இது உனக்குப் புரிகிறதா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். நான் கேள்வி கேட்கக் கேட்க அவருக்குச் சந்தோஷம்.

ஒரு விஷயம் உங்களுக்குப் பிடிக்கும். எங்களைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களுக்கு, வரி போடுவதற்கு முன் வருமானத்தில் கழிக்கும் பொதுவான கழிவு கிடையாதாம். இந்தியாவிலிருந்து வந்த மாணவர்களுக்கு மட்டும் இரு நாட்டு ஒப்பந்தப்படி அது உண்டு. டாரத்தியே புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். அதனால் நான் பயந்த அளவு திருப்பிக் கட்ட வேண்டியிருக்கவில்லை. அந்தக் கல்விச் சலுகையாக வந்ததை மட்டும் திருப்பிக் கட்டினேன். படிவத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ரசீது என் மேசையில் இருக்கிறது. ஒன்பது நாளுக்குப் பிறகு நேற்றுத்தான் ஒழுங்காகத் தூங்கினேன்.

ஆனால் விஷயம் இன்னும் முடியவில்லை மாமி. நிரஞ்சனுக்கும் அதே ஸ்ரீரங்கன். அவனுக்கும் "அதற்கு மேலும் கொஞ்சம்" வந்திருக்கிறது. அவன் ஊர் இங்கிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம், அங்கே இப்படி மாணவர் மேசை கிடையாது. அழைத்துச் சொன்னேன். "அக்கா, அத்தை காசு கட்டிப் பண்ணிட்டாங்க, நான் போய் ஃப்ரீயா வேற பண்ணா கொன்னுடுவாங்க" என்றான். அதன் பிறகு நான் அழைத்தால் எடுப்பதில்லை. அவனுக்கு ஜூனில் வேலைப் பயிற்சிக்கான அனுமதி வர வேண்டும். பதினைந்தாம் தேதிக்கு முன்னால் ஒரே ஒரு சனிக்கிழமைதான் அவனுக்குத் தோதாக இருக்கிறது, பன்னிரண்டாம் தேதி.

அவன் அத்தையிடம் பேச நான் யார்? நீங்கள்தான் பேச வேண்டும். உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

ஜுவேரியா


மயிலாப்பூர்
7 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜுவேரியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று அடையாறு போனேன். காந்தி நகரில் ஜெயலக்ஷ்மியின் வீடு. கையில் ஒரு கிண்ணம் ஷீர் குர்மா, சேமியாவும் பாலும் தாராளமாகப் போட்டது. பெருநாள் முடிந்து அதைக் கொண்டுபோவது வருடா வருடம் நடப்பதுதான். அதனால் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

நாங்கள் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தோம். அவள் முதல் என்றால் நான் இரண்டு. நான் முதல் என்றால் அவள் அன்றைக்குப் பேச மாட்டாள். அவளிடம் தப்பு நடந்துவிட்டது என்று சொல்வது எப்படி என்று பஸ்ஸில் ஏழெட்டு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

அவள் கிண்ணத்தை மேசையில் வைத்தாள்.

"இரு, இரு. ஸ்ரீரங்கனைச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"ஃப்ரீயா பண்றவா கிட்டப் போனா மானம் போச்சுன்னு சொன்னது?"

"அதுவும் நான்தான்."

"தர்ம வரிசைன்னு சொன்னே. வார்த்தை எனக்கு நன்னா ஞாபகம் இருக்கு. 'நம்மாத்துப் பசங்க தர்ம வரிசைல நிக்கறதா ஜெயா?'ன்னு கேட்டே. இப்ப என் தம்பி பையன் அங்க போய் நிக்கணுமா? கண்டக்டர் ஓசி டிக்கெட்டை நீட்டினா சண்டைக்குப் போறவ, நீ வந்து சொல்றே?"

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றுதான் தோன்றியது. முன்பென்றால் கிளம்பியிருப்பேன், அடுத்த பெருநாள் வரை பேசாமலும் இருந்திருப்பேன். ஆனால் அந்தப் பையனுக்குச் சனிக்கிழமை ஒன்றுதான் இருக்கிறது.

"ஆமா, நான்தான் சொல்றேன்," என்றேன். "என் மருமக அந்த வரிசைல நின்னா, ஜெயா. மெஹபூப் பாஷா வீட்டு மருமக. பல் டாக்டர். நின்னு, உக்காந்து, ஒவ்வொரு வரியா படிச்சு, தன்னோடது இல்லாததைத் திருப்பிக் கொடுத்துட்டு எழுந்து வந்திருக்கா. அவ நின்ன இடம் உன் தம்பி பையனுக்குக் குறைச்சலா?"

அவள் ஷீர் குர்மாக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கையெழுத்து அவனோடதா?" என்று கேட்டாள்.

"அவனோடதுதான். உன்னோடதும் இல்லை, என்னோடதும் இல்லை."

என் முன்னாலேயே நிரஞ்சனை அழைத்தாள். அங்கே அதிகாலை. தூக்கக் கலக்கத்தில் எடுத்தான். "டேய், சனிக்கிழமை பஸ் பிடிச்சு அந்த லைப்ரரிக்குப் போ. ஜுவேரியா அக்கா வருவா. ஆமா, ஃப்ரீதான். ஃப்ரீன்னா உனக்குக் காது கேக்காதா?" என்று அதட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, "இந்த ஒரு தடவைதான் அஃப்சர். இனிமே நீ ஆடிட்டர் பேர் சொன்னா நான் காதுல வாங்க மாட்டேன்" என்றாள்.

ஷீர் குர்மாவில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றும் சொன்னாள். முழுவதும் சாப்பிட்டுவிட்டுத்தான் சொன்னாள்.

சனிக்கிழமை அவன் வருகிறானா என்று பார். வராவிட்டால் எனக்கு உடனே சொல். நானே அவனை அழைக்கிறேன்.

உன் மாமி,
அஃப்சருன்னிசா


ஓஹியோ
14 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமிக்கு,

வந்தான். மழையில் நனைந்துகொண்டு, எல்லாக் காகிதங்களையும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு வந்தான். "அக்கா, அத்தை இந்த வாரம் மட்டும் ஒன்பது தடவை கூப்பிட்டாங்க. உங்க மாமி என்ன சொன்னாங்க அவங்களை?" என்று கேட்டான். ஒன்றும் சொல்லவில்லை, ஷீர் குர்மா கொடுத்தார் என்றேன்.

டாரத்தி அன்று மிகவும் களைத்திருந்தார். கடைசி சனிக்கிழமை, கூட்டம் கதவு வரை நின்றது. நிரஞ்சனின் பழைய படிவத்தில் எந்தெந்த இடம் தப்பு என்று எனக்குத் தெரியும், நான் ஏற்கெனவே அந்தக் குழியில் விழுந்து எழுந்தவள்தானே. ஒரு தாளில் குறித்துக் கொடுத்தேன். டாரத்தி சரிபார்த்தார். அவன் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான். நான் பக்கத்தில் நின்று படிக்க வைத்தேன், உங்களைப் போல. அஞ்சலகம் மூடுவதற்குள் தபாலிலும் போட்டுவிட்டோம். கடைசி நாளுக்கு இன்னும் நேரம் இருக்கும்போதே.

அவனை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது டாரத்தி நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார். நானும் மடக்கினேன். "மாணவர் படிவம் தெரிந்த ஆட்கள் எங்களிடம் குறைவு, அடுத்த வருடம் நீ மேசைக்கு இந்தப் பக்கம் உட்காருகிறாயா?" என்று கேட்டார். குளிர்காலத்தில் பயிற்சியும் தேர்வும் உண்டு. சம்பளம் கிடையாது, காபி மட்டும் தருவார்களாம். மாமியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வாய் வரை வந்தது. கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டேன். இப்போது உங்களுக்குத் தெரிவிக்கிறேன்.

ஜுவேரியா


மயிலாப்பூர்
25 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜுவேரியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கேட்காமல் சரி என்று சொன்னதுதான் சரி. கேட்டிருந்தால் நான் யோசிப்பது போல ஒரு வாரம் காக்க வைத்திருப்பேன்.

பள்ளிவாசல் தெருவில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. என் மருமகள் அமெரிக்காவில் மாணவர்களுக்கு வரிக் கணக்கு போட்டுக் கொடுக்கப் போகிறாள் என்றால், முதலில் எல்லோரும் கேட்பது "எவ்வளவு தராங்க?" என்றுதான். ஒன்றுமில்லை என்று சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்துவதில்லை. பல் டாக்டர் என்று சொல்லும்போது நிமிர்ந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நிமிர்ந்து சொல்கிறேன்.

நேற்று மாலை ஸ்ரீரங்கன் வீட்டுக்கு வந்தார். நம் மாடிப்படி அவருக்குப் பழக்கமில்லை. மூச்சு வாங்க ஏறி வந்தார். ஜெயலக்ஷ்மி அவர் அலுவலகத்துக்கே போய்ப் பேசியிருக்கிறாள். என்ன பேசினாள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"மேடம், இன்னும் நாலஞ்சு பசங்களுக்கு அதே மாதிரி போட்டிருக்கோம். இப்பவும் திருத்தலாமாமே. உங்க மாட்டுப்பொண்ணு நம்பர் குடுத்தேள்னா, எந்தப் படிவம், எங்க தப்புன்னு ஒரு வார்த்தை கேட்டுப்பேன். ஃபீஸ் என்னன்னு நீங்களே சொல்லுங்கோ."

"ஃபீஸ் கிடையாது. அவ ஃப்ரீயாத்தான் செய்வா."

"சேச்சே, அது எப்படி? ஏதாவது வாங்கிக்கணும். எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"ஒரு மாதிரித்தான் இருக்கும். உக்காருங்க. டீ ஆறறதுக்குள்ள குடிங்க."

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கோப்பையைக் கையில் எடுத்தார், வைத்தார், சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்தத் தவிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த தவிப்பு. அவர் டீயை முழுதாகக் குடித்து முடித்த பிறகு உன் எண்ணை எழுதிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அழைப்பார். பொறுமையாகச் சொல்லிக்கொடு, மரியாதையாகப் பேசு. இலவசமாக வாங்கிக்கொள்வது அவருக்குப் புதிது.

உன் மாமி,
அஃப்சருன்னிசா